மோட்டார் ரூமிலிருந்து பதில் வரவில்லை

லிஃப்ட் மெக்கானிக்கின் ஆயுள் படிக்கட்டில்தான் கழியும். ஓடுகிற லிஃப்ட்டுக்கு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. நின்ற பிறகுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் ரூமோ மொட்டைமாடிக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புறாக்கூண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறித்தான் ஆகவேண்டும்.

"ஊரையெல்லாம் நோகாம மேல ஏத்தி விடற மனுஷன், வீட்டுக்கு வந்தா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்" என்பாள் அவர் மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து, எழுதிய டாக்டருக்கே புரியாததும் அவளுக்குப் புரிந்தது. முழங்காலுக்குத் தைலம் அவள் கடையிலிருந்துதான் வந்தது.

தொழிலில் அவருக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. பட்டம் வைத்தவர் அவருடைய ஜோடி மெக்கானிக். தலையில் ஒரு முடிகூட இல்லாத அந்த ஜோடிக்காரரை எல்லோரும் சுருட்டை என்று கூப்பிட்டதால், அவருக்கும் யாருக்காவது பட்டம் வைத்தாக வேண்டியிருந்தது.

பட்டம் பொருத்தமானதுதான். அந்த வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள், கேபினின் கூரைமேல் இருட்டில் நிற்பார். இன்னொருவர் உச்சியில் மோட்டார் ரூமில். உள்ளே நிற்பவர் "கீழே ஒரு சாண்" என்று குரல் கொடுப்பார். மோட்டார் ரூமில் இருப்பவர் "கீழே ஒரு சாண்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தானாக எதையும் செய்யக்கூடாது. ஆபத்து உள்ளே நிற்பவருக்கு. அதனால் முடிவும் அவருடையது.

அவர் சொன்னது சரியில்லை என்று மேலே இருப்பவருக்குப் பட்டால்? வாதாடக்கூடாது. ஷாஃப்டுக்குள் இரண்டு வார்த்தை சேர்ந்தாலே எதிரொலித்து வேறு ஏதோவாகக் காதில் விழும். திருப்பிச் சொல்லாமல் இருந்துவிட வேண்டும். பதில் வரவில்லை என்றால் உள்ளே நிற்பவர் கை, கால், கயிறு, கதவு எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார். பார்த்துவிட்டு மீண்டும் அதையே சொன்னால், மேலே இருப்பவர் மனத்தில் என்ன இருந்தாலும் திருப்பிச் சொல்லிச் செய்துவிட வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு இன்னொருவர் விலை கொடுத்திருந்தார். கிளிப்பிள்ளை தொழில் பழகிய காலத்தில், மோட்டார் ரூமில் இருந்தவன் குரல் வராமலே சக்கரத்தைத் திருப்பினான். உள்ளே நின்ற மூத்த மெக்கானிக்கின் கை போனது. "வேலை முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்று அவன் அழுதான். அன்றிலிருந்து 'நினைச்சேன்' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

வேலைக்கான இந்த விதியை அவர் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரவில்லை.

"பால் தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க."

"பால் வாங்கிட்டு வரேன்."

"உங்களுக்கு அறிவே கிடையாது."

"அறிவே கிடையாது. சரி. அடுத்து?"

கோபமாகச் சண்டை போடக்கூட அவரோடு முடியாது. பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரே மகள். இருபது வயதிலும் வீட்டில் பாப்பாதான். அவள் சின்னவளாக இருந்தபோது, "நான் இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று ஷூவின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அவர் திட்டமாட்டார், கெஞ்சமாட்டார். பக்கத்தில் பேசாமல் நிற்பார். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவளே ஷூவை மாட்டிக்கொண்டு "போறேன்" என்பாள். "போறே. சரி" என்று பையை எடுத்துக் கொடுப்பார். அப்பா திருப்பிச் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் யோசி. அந்த வீட்டில் இதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

பாப்பா கடல் கடந்து மின் பொறியியல் படிக்கப் போனாள். இருந்த இரண்டு அறை வீட்டை பாங்க்கில் வைத்துத்தான் அனுப்பினார்கள். மனைவியின் தம்பி வீடு வாங்க விற்கத் தரகு பார்ப்பவன். வாய் சும்மா இருக்காது.

"விரலுக்கேத்த வீக்கம் வேணும் மாமா. இங்கேயே காலேஜ் இல்லையா?"

"அவ வாயால கேட்டா. நான் திருப்பிச் சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"கிளிக்கு ரெக்கை முளைச்சா கூண்டை வித்துதான் ஆகணும்போல" என்றான் தம்பி. அக்கா அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாம் வருடம் முடியும் தறுவாயில் பல்கலைக்கழகம் கட்டணத்தை ஏற்றியது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இல்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். ஏற்றியது ஒருபக்கம், நம் காசு மதிப்பிறங்கி அதை இன்னும் ஏற்றியது. பாப்பா போனில் அழவில்லை. அப்பாவின் மகளாயிற்றே, மின் இணைப்புப் படம் விளக்குவது மாதிரி விளக்கினாள்.

"ரெண்டு வழி இருக்குப்பா. ஒண்ணு, இங்கேயே முடிக்கிறது. இன்னும் ரெண்டு வருஷம், புதுக் கட்டணம். இன்னொண்ணு, வேற நாட்டுல ஒரு யுனிவர்சிட்டி எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. அங்க பாதிகூட ஆகாது. ஆனா நான் படிச்சதுல ஒரு வருஷத்தைத்தான் ஒத்துக்குவாங்க. லேப் பாடம் எல்லாம் மறுபடி. விசா மறுபடி. அந்தப் பேரை இங்க யாரும் கேள்விப்பட்டதுகூட இல்ல."

"ஒரு வருஷம் போகும்" என்றார் அவர்.

"போகும். அப்புறம் இன்னொரு விஷயம். போறதுன்னா இப்பவே போகணும். பாதிக்கு மேல வேற இடத்துல படிச்சவங்களுக்கு அவங்க பட்டம் தரமாட்டாங்களாம். அடுத்த வருஷம் போய் நின்னா கதவு மூடியிருக்கும்."

"இப்ப விட்டா கதவு மூடிடும்."

"யோசிச்சு ரெண்டு வாரத்துல சொல்றேன்பா."

அவள் கைவிரல்கள் வெந்து தோல் உரிந்திருந்ததை அம்மா திரையில் பார்த்தாள். பகுதிநேரமாக வேலை பார்த்த கேன்டீனில் தட்டுக் கழுவும் இயந்திரத்தின் நீராவி. வாரத்துக்கு இவ்வளவுதான் வேலை செய்யலாம் என்று அந்த நாட்டுச் சட்டம். அந்த அளவு வாடகைக்கே போதவில்லை.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் வேறு பேச்சு இல்லை. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்கிற நிலை. தம்பி வந்து, "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு போனா. இப்ப அக்கரைக்கு இன்னொரு அக்கரை பச்சையா?" என்றான். இந்தத் தடவை அக்கா வாசல்வரைகூடப் போகவில்லை.

அவளுக்குத் தெரிந்த இன்னொன்று மகளுக்குத் தெரியாது. நெஞ்சில் அடைக்கிறது என்று அவர் ஏற்கெனவே டாக்டரைப் பார்த்திருந்தார். மாத்திரைகளை அவளே கடையில் எண்ணிப் போட்டுக்கொண்டு வந்தாள். "படிக்கட்டு ஏறாதீங்க" என்றார் டாக்டர். என்ன தொழில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், "அப்ப கவலையே இல்ல, லிஃப்ட்லயே போகலாமே" என்று சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பாப்பாகிட்ட சொல்லிடலாங்க" என்றாள், சாப்பாட்டு மேசையில்.

"உள்ள நிக்கிறவளுக்கு மோட்டார் ரூம்ல இருக்கிறவனோட நெஞ்சுவலி எதுக்கு? கை நடுங்கும்."

"சரி, அதைச் சொல்ல வேணாம். மாறுறதா, இருக்கிறதா? உங்க மனசுல என்ன இருக்கு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "மாறிக்கிட்டா நல்லது. ஒரு வருஷம் போனா போகட்டும். பேரு யாருக்கு வேணும், கரன்ட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

"அப்ப அதை அவகிட்ட சொல்லுங்களேன்."

"அவ படிப்பு. அவ வாயால வரணும்."

"வரலைன்னா?"

"பேசாம இருப்பேன். புரிஞ்சுக்குவா. ஷூ மேல உக்காந்திருந்த வயசுலயே புரிஞ்சுக்கிட்டவ."

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். திரையில் மகள், பின்னால் ஒரு கட்டில், காயப்போட்ட ஒரு துண்டு.

"முடிவு பண்ணிட்டேன்பா. மாற வேணாம். இங்கேயே முடிச்சிடறேன்."

அவர் பேசவில்லை.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை. கேபின் கூரைமேல் நிற்பவர் கை கால்களைச் சரிபார்க்க நேரம் கொடுக்கும்போது மோட்டார் ரூமில் அவர் இப்படித்தான் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா?"

பேச்சில்லை.

"அப்பா, கேக்குதா? அம்மா, அப்பா முகம் அப்படியே நின்னுபோச்சு. நெட் போயிடுச்சுபோல. இருங்க, கட் பண்ணிட்டுக் கூப்பிடறேன்."

திரை கறுத்தது. அவர் அசையவில்லை. மறுபடி மணி அடித்தது. அவளே எடுத்தாள்.

"இப்ப தெரியுதா? நான் இங்கேயே முடிச்சிடறேன்னு சொன்னேன்பா. லேப்ல ஒரு வாத்தியார் வேலை தரேன்னு சொல்லியிருக்கார். கேன்டீனை விட்டுடலாம். சமாளிச்சிடுவேன்."

மீண்டும் மௌனம்.

"இந்த லைனை வச்சுக்கிட்டு" என்று மகள் அலுத்துக்கொண்டாள். கண் இடுங்கியிருந்தது. அதற்குமுன் எத்தனை இரவு தூங்கவில்லையோ. "அப்பா, கேக்குதுன்னா தலையாவது ஆட்டுங்களேன். இங்கேயே முடிச்சிடறேன். சரியா?"

"இங்கேயே முடிச்சிடறே" என்றார் அவர். "சரி."

"அப்பாடா, இப்ப கேக்குது."

போனை வைத்த பிறகு மனைவி கேட்டாள், "ஏங்க சொன்னீங்க?"

"சரிபார்த்துட்டுத் திரும்ப அதையே சொன்னா செஞ்சிடணும். அதுதான் ரூலு."

"அவ எங்க சரிபார்த்தா? போனைத்தான் அணைச்சுப் போட்டா."

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. முகத்தில் தெரிந்தது. அவள் போனை எடுத்தாள். மகளின் எண்ணைத் தொடுவதற்குள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுத்தி ஒன்றும் பிடிக்கவில்லை. உதறியிருந்தால் விட்டிருப்பார். அவள் உதறவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவள் உதறியதில்லை. பழக்கமில்லாத காரியம் சமயத்துக்கு வரவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? விடுமுறை நாட்களில் தனியார் கட்டடங்களின் பழைய லிஃப்ட்டுகளை ஒப்புக்கொண்டார். சுருட்டையும் கூட வந்தார். பழைய கட்டடம் என்றால் பழைய லிஃப்ட். அடிக்கடி நிற்கும், அடிக்கடி ஏற வேண்டும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பார், ஈரக்கசிவைச் சோதிக்கிறவர் மாதிரி. "அண்ணே, நாம லிஃப்ட் பாக்க வந்தமா, சுண்ணாம்பு பாக்க வந்தமா?" என்பார் சுருட்டை. மூச்சு வாங்குவதை அண்ணன் அப்படி மறைத்தார் என்று சுருட்டைக்கு அப்போது தெரியாது.

மகளிடம் கேட்டால் எல்லாம் நலம். இங்கே கேட்டாலும் எல்லாம் நலம். லேப் வேலை ஒரு பருவம் இருந்தது, பிறகு நிதி இல்லை என்று நின்றது. அவள் கேன்டீனுக்கே திரும்பினாள், சொல்லவில்லை. அம்மா விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், கேட்கவில்லை. அவரும் பார்த்திருப்பார். மூன்றாம் வருடத்துப் பணம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

அந்த வருடப் பரீட்சைகள் முடிந்த வாரம் அது. ஏழு மாடி அலுவலகக் கட்டடம். ஷாஃப்டுக்குள் நான் இறங்குகிறேன், நீங்கள் மேலே போங்கள் என்றாராம் சுருட்டை. உள்ளே கயிற்றுக்குக் கிரீஸ் வைக்கும் வேலை, உடம்பு வளைய வேண்டும். மேலே சும்மா சக்கரம் திருப்புவதுதானே, அண்ணன் உட்கார்ந்துகொள்ளட்டும் என்ற கரிசனம். உட்காருவதற்கு முன் ஏழு மாடி ஏற வேண்டும் என்பதை இரண்டு பேருமே பேசவில்லை.

மற்றதை ஆஸ்பத்திரி வராந்தாவில் சுருட்டை சொன்னார். கை முழுக்கக் கிரீஸ். துடைக்கக்கூடத் தோன்றாமல் விரல்களை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"ரெண்டு தடவை இறக்கினார் அண்ணி. நல்ல குரல்லதான் திருப்பிச் சொன்னார். மூணாவது, கீழே ஒரு சாண்னேன். பதில் வரல."

அவள் பெஞ்சைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"அவர் பேசலைன்னா வேணாம்னு அர்த்தம். இத்தனை வருஷமா அதுதானே. எங்கயோ தப்பு வச்சிருக்கேன், அண்ணன் பார்த்துட்டாருன்னு நான் மறுபடி எல்லாத்தையும் பார்க்கறேன். கால் வச்ச இடம், கயிறு, கதவு. எதுவும் தப்பில்ல. திரும்பச் சொன்னேன். பதில் இல்ல. அப்பவும் எனக்கு உறைக்கல அண்ணி. சரியாப் பாக்கலை போலிருக்குன்னு மறுபடி முதல்லேர்ந்து பார்த்தேன்."

ஒரு நர்ஸ் வந்து, கிரீஸ் கையோடு சுவரைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"வேற யாரா இருந்தாலும் உடனே கத்தியிருப்பேன். அண்ணன்கிறதால காத்திருந்தேன்."

அவரைத் தேற்ற ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் போனார்கள். "பெத்தவர் முகத்தைப் பாக்கக் கொடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவள் காதில் படும்படியாகத்தான் சொன்னார்கள்.

அம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மாத்திரை, டாக்டரின் சிரிப்பு, விடுமுறை நாள் வேலை, சுருட்டை சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை போனையும் சொன்னாள்.

அன்று போன் சாய்ந்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை மகள் தள்ளி வைத்தாள்.

"நெட் போயிடுச்சுன்னு நினைச்சேன்மா" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு முகம் சுருங்க ஆள் இல்லை.

அடுத்த வாரம் அவள் அந்த இன்னொரு பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பார்த்தாள். மரியாதையாகவே பதில் சொன்னார்கள். பாதிக்கு மேல் வேறிடத்தில் படித்தவருக்கு எங்கள் பட்டம் இல்லை, விரும்பினால் முதல் வருடத்திலிருந்து சேரலாம். இருக்கும் இடத்தில் தொடரலாம் என்றால் கடைசி வருடக் கட்டணம் இன்னொரு முறை ஏறியிருந்தது. அப்பா இறந்ததற்காகத் தவணை கேட்டாள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை என்றார்கள். இங்கே ஒரு கல்லூரியில், மூன்று வருடம் படித்ததற்கு இங்கே மதிப்பு என்ன என்று பார்த்துச் சொல்ல ஒரு வருடம் ஆகும் என்றார்கள்.

தம்பி வந்தான். இந்தத் தடவை பழமொழி எதுவும் சொல்லவில்லை. வீட்டை வாங்க ஓர் ஆள் இருக்கிறார், பாங்க் கடனை அடைத்தது போக ஒரு வருடப் படிப்புக்கு மிஞ்சும், அக்கா எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்காமல் போனான்.

அவன் போனதும் மகள் சமையலறைக்கு வந்தாள். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போகலம்மா. இங்கேயே ஏதாவது வேலை பாக்கறேன்."

அம்மா பேசவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் காத்திருந்தாள். கேட்கிறதா என்று கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு நின்றாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள், சுவரில் மாட்டிய அப்பாவின் கருவிப் பையைப் பார்த்தாள்.

"சரி. வீட்டை வித்துட்டுப் போய் முடிச்சிட்டு வரேன்."

அதற்கும் அம்மா பேசவில்லை.

"ரெண்டுக்கும் பேசலைன்னா நான் என்னம்மா பண்றது?"

"நான் ஒண்ணும் உங்கப்பா இல்ல" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "அந்த ரூலை எனக்கு யாரும் சொல்லித் தரல. அன்னைக்கு என் கையைப் பிடிச்சார், நானும் வாயை மூடிக்கிட்டேன். இனிமே இந்த வீட்ல யாரும் பேசாம இருந்து எதையும் புரிய வைக்க வேணாம். கேட்டுக்கோ. போ. முடி. பாதியில விட்டா அவர் ஏறின படிக்கட்டெல்லாம் எதுக்குன்னு நானே உன்னைக் கேட்டுக்கிட்டு இருப்பேன், சாகறவரைக்கும். அது உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். முடிச்சிட்டு எங்க வேணாலும் வேலை பாரு. அந்தப் பட்டத்தை மட்டும் கொண்டுவந்து என் கண்ணுல காட்டாத."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

"போறேன்" என்றாள் மகள். "முடிக்கிறேன். கண்ணுல காட்டமாட்டேன்."

"சரி" என்று அம்மா மறுபடி குழாயைத் திறந்தாள்.